சஜஸ்ட்டுன்னா உத்தரவாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

லண்டன்லேர்ந்து பிரவீனா எழுதுறேன். நான் நல்லா இருக்குறேன். உன் முட்டி வலி எப்படி இருக்குதும்மா? அப்பா மாத்திரை ஒழுங்கா போடுறாரா?

இந்த ஊர் இங்கிலீஷோட மாரடிக்க முடியலம்மா. நம்ம ஊர்ல சஜஸ்ட் பண்றதுன்னா யோசனை சொல்றது. கேட்டாலும் கேக்கலாம், விட்டாலும் விடலாம். நான் வேலை செய்யுற முதியோர் இல்லத்துல மேனேஜர் மேடம், "ஹாரியை இன்னிக்கு வெளியே கூட்டிப் போக வேணாம்னு சஜஸ்ட் பண்றேன்"னாங்க. அந்தப் பெரியவரோ பொண்டாட்டி கல்லறைக்குப் பூ வைக்கணும்னு அழுதுக்கினு இருந்தாரு. யோசனைதானேன்னு கூட்டிப் போயிட்டேன். வந்ததும் ஒரே திட்டு.

"நீங்க சஜஸ்ட்தானே பண்ணீங்க?"ன்னேன்.

"அப்படின்னா கூடாதுன்னுதான் அர்த்தம்!"னு கத்துறாங்க. அதை நேரா சொன்னா நாக்கு தேஞ்சிடுமா?

அவருக்கு ஒண்ணும் ஆகல. என் வேலையும் போகல, கவலைப்படாதே.

வாலாஜாபாத் ஏஞ்சல் அக்கா ஊருக்கு வர்றாங்க, இந்த லெட்டரையும் அவங்கதான் கொண்டு வர்றாங்க. திரும்பும்போது சுக்குப் பொடியும் ஒரு நைட்டியும் குடுத்தனுப்பு. புதுசு வேணாம், உன்னோடதே போதும்.

நேத்து அதே மேடம், "ரெண்டு நாள் லீவு எடுக்கச் சொல்லி சஜஸ்ட் பண்றேன்"னாங்க. "யோசனையா, உத்தரவா?"ன்னு கேட்டேன். உத்தரவாம். லீவு போட்டுக்கினு இங்கே யார் வீட்டுக்கும்மா போறது?

அக்காவுக்கு டாக்ஸி வந்துடுச்சு, முடிச்சிக்கிறேன்.

உன் பிரவீனா