எங்கள் வீட்டு ஸ்தோத்திரம்

1931 டிசம்பர் 20, ஞாயிறு

காலையில் தூறல். பிறகு புழுக்கம். இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக ஒரு வரி கூட்டுவதில்லை, எனக்குச் சாதகமாக ஒரு வரி குறைப்பதில்லை. இதுவரை எழுதியதில் பாதி அலங்காரம். திருப்பிப் பார்த்தால் கூசுகிறது.

இன்று கோயிலில் ஸ்தோத்திர ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு வீட்டுக்கு ஒருவர் எழுந்து, அந்த வருஷத்து நன்மைகளுக்கு நன்றி சொல்வது எங்கள் சபை வழக்கம். போதகர் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிடுவார். சாவு விழுந்த வீட்டை மட்டும் கூப்பிடமாட்டார், சங்கடப்படுத்தக் கூடாதென்று. எங்கள் முறை வந்தது. அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் எழுந்தேன்.

யாரும் சொல்லவில்லை. நானாக. வாரம் முழுக்கத் தயார் செய்தது, கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தது. "எங்கள் சாமுவேலை இந்தச் செப்டம்பரில் தம்முடைய தோட்டத்துக்கென்று பறித்துக்கொண்ட ஆண்டவருக்கு, என் தாயார் சார்பாகவும் என் சார்பாகவும் மனநிறைவோடு ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்."

சாமு என் தம்பி. நாலு வயது. காய்ச்சல்.

சபை முழுக்க ஆமென். கீதக்குழுவை நடத்தும் ராகேல் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் விஷயம். பேசிக்கொண்டே யார் யார் அழுகிறார்கள் என்று கவனித்தேன். 'மனநிறைவோடு' வரும்போது குரலைத் தாழ்த்தினேன். வேண்டுமென்றே.

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். சாமு போனபிறகு இன்றுதான் முதல் தடவையாகக் கோயிலுக்கு வந்திருந்தாள்.

வாசலில் ராகேல் அம்மா என் கன்னத்தைத் தடவினார். "இந்த வயசுல என்ன விசுவாசம் பாப்பா! உங்கம்மா குடுத்துவச்சவ." அம்மா போனதைப் பார்த்த பிறகும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ரிக்‌ஷாவில் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

டிசம்பர் 21, திங்கள்

நல்ல வெயில். பள்ளி விடுமுறை. அரிசி புடைத்தது. ஜெலுத்தோங் பாசாரில் வாங்கியது கங்கோங்கீரை, நெத்திலி. அப்பா சட்டைக்குப் பொத்தான். புத்தகம் ஒரு பக்கம்கூட ஓடவில்லை.

அம்மா பேசுகிறாள், வேலைக்கு மட்டும். "உப்பை எடு." "கதவைச் சாத்து."

துக்க வருஷம். பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. நட்சத்திர விளக்கும் கிடையாது.

மத்தியானம் பக்கத்து வீட்டு மரியம் அக்கா பின்கட்டுக்கு வந்தார். அவர் வீட்டுக்காரர் காதர் அண்ணனுக்குப் பாசார் முனையில் சர்பத் கடை. நான் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது:

"என்னத்தச் சொல்ல மரியம். எம்புள்ளைய எடுத்துக்கிட்டதுக்கு நான் நன்றி சொன்னேனாம். மனநிறைவோட."

"யாரு சொன்னது?"

"எம்பேரைச் சொல்லி எம்மக."

"சின்னப் புள்ளதானேலா அக்கா. புஸ்தகம் படிச்சுப் படிச்சு வாயில வந்திருக்கும்."

"புஸ்தகமா பெத்துச்சு அவனை?"

அலசின துணியையே மறுபடி மறுபடி அலசினேன்.

சாயந்திரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அம்மா, நான் நல்லதுன்னு நெனச்சு..." என்று ஆரம்பித்தேன். "நல்லதுன்னு நெனச்சே" என்றாள். கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை. அரிவாள்மனையிலிருந்து தலை நிமிரவில்லை. கீரை நறுக்கி முடியும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

உண்மை: எனக்கு நன்றி ஒரு துளியும் இல்லை. சாமு போனதில் கோபம்தான். ஆண்டவர்மேல் கோபப்படுவது பாவம் என்று வேதபாட வகுப்பில் படித்ததால், கோபத்தின் மேல் நல்ல நல்ல வார்த்தையாகப் போட்டு மூடினேன். மூடினது போதாதென்று அம்மாவையும் சேர்த்துக்கொண்டேன்.

ஜெபிக்க உட்கார்ந்தேன். வார்த்தைகள் அழகாகவே வருகின்றன. நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 23, புதன்

மழை. பின்கட்டில் ஒழுகல், அண்டா வைத்தது. நேற்று எழுதவில்லை, எழுத ஒன்றுமில்லை. இல்லை, இருந்தது. எழுத வெட்கம்: போதகரம்மா ஆள் விட்டிருந்தார், புதுவருஷ ஆராதனையிலும் நான் "அதே மாதிரி" பேச வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷம்தான் வெட்கம்.

அப்பா துறைமுகக் கிட்டங்கியில் கிராணி, கணக்கெழுதும் வேலை. வழக்கத்தைவிட முன்னதாக வீட்டுக்கு வந்தார். குடையை விரித்துக் காயவைத்தபடியே, "உங்கம்மா பண்டிகைக்குக் கோயிலுக்கு வரலையாம்" என்றார்.

"என்னாலயாப்பா?"

"உன்னால மட்டும்னு சொல்லமுடியாது. போதகர் நம்ம வீட்டை விட்டுட்டுப் போனாரு பாரு, அதுவுந்தான். அவரு நல்ல மனசோடதான் செஞ்சாரு. ஆனா செப்டம்பர்லேருந்து யாரும் அவன் பேரை எடுக்குறதில்ல. தெருவுல பாத்தாக்கூட வெயிலு, மழைன்னுதான் பேசுறாங்க. நீ ஒருத்திதான் அவன் பேரைச் சொன்னே." குடையைத் திருப்பி வைத்துவிட்டு, "அதையும் அப்படிச் சொன்னே" என்றார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை.

இனி அவள் கோயில் பக்கமே வராவிட்டால்? அதற்குக் காரணம் நான் என்றால்? இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

டிசம்பர் 24, வியாழன்

மழை விட்டது. தெருவில் தண்ணீர். மரியம் அக்கா ஒரு தட்டு பலகாரம் கொண்டுவந்தார், மேலே செய்தித்தாள் மூடி. "நீங்க சுடக்கூடாதுன்னா நாங்க சுடக்கூடாதுன்னு இருக்கா?" அம்மா வாங்கிக்கொண்டாள். நான் நாலு தின்றேன். ஐந்து.

இருட்டினதும் கீதம் பாடுகிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். முனை வீட்டில் பாடினது நன்றாகக் கேட்டது. எங்கள் வாசல் வந்ததும் சத்தமே இல்லை. துக்க வீட்டில் பாடமாட்டார்கள். ஆசீர் அண்ணன் மேளத்தைக் கையால் அமுக்கிப் பிடித்தபடி போனார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மட்டும் சுவரில் நகர்ந்தது.

அம்மா எழுந்துவிட்டாள். "போன வருஷம் பிஸ்கட் டின்னைத் தட்டிக்கிட்டு அவங்க பின்னாலேயே போனானே. ரூத்து, போய்க் கூட்டிட்டு வா."

என்னையா என்று அப்பாவைப் பார்த்தேன். அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

செருப்பில்லாமல் ஓடினேன். கரிக்கடை தாண்டிப் பிடித்துவிட்டேன். ராகேல் அம்மா முன்னால் நின்றார். "அம்மா கூப்பிடுறாங்க. நம்ம வீட்டுலயும் பாடணுமாம்." அதோடு திரும்பியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அன்னைக்குக் கோயில்ல நான் சொன்னது அம்மா சொன்னதில்லைங்க. அம்மாவைக் கேக்கவே இல்ல. எனக்கும் அப்படியெல்லாம் மனநிறைவு கிடையாது. நானா எழுதி வச்சுச் சொன்னேன்."

"அதுக்கென்ன பாப்பா? நல்லாத்தானே சொன்னே!"

"நல்லா சொன்னதுதாங்க தப்பு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. ஆசீர் அண்ணன்தான் காப்பாற்றினார்: "மேளத்தை இறக்கவா, தூக்கவா, ஒரு முடிவு சொல்லுங்கலா. தோள் போவுது."

வந்தார்கள். முதலில் மெதுவாகப் பாடினார்கள், நோயாளி வீட்டில் பாடுவதுபோல. அம்மா கதவை அகலத் திறந்துவிட்டு, "சத்தமா பாடுங்க. அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்" என்றாள். பாடினார்கள். காதர் அண்ணன் வீட்டில் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். அம்மா அழவில்லை. நான் கோப்பி ஊற்றினேன், பாதி தரையில்.

எல்லாரும் போனபின் அம்மா, "அவங்ககிட்ட என்ன சொன்னே, அவ்வளவு நேரம்?"

சொன்னேன். ஒன்றும் விடாமல்.

"ம்" என்றாள். கோப்பி சிந்தின தரையைத் துடைத்துவிட்டு, "நாலு மணிக்கு எழுப்பு. வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டிருக்கான்னு பாரு."

டிசம்பர் 25, வெள்ளி. கிறிஸ்துமஸ்

விடியும் முன் நல்ல குளிர்ச்சி. மூன்று பேரும் நடந்தே போனோம், பண்டிகை நாளில் ரிக்‌ஷா கிடைக்கவில்லை.

பிரசங்கம் நீளம். முடிவில் போதகர், இன்னும் நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்றார். பல தலைகள் என் பக்கம் திரும்பின. மடியைப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் கஞ்சிச் சேலை சரசரவென்றது. அம்மா எழுந்திருந்தாள்.

"கடைசி ராத்திரி எம்மகன் சாமு ஐஸ் கேட்டான். கிடைச்சுது. வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சான். அதுக்கு ஸ்தோத்திரம். மத்ததுக்கு என்னால சொல்ல முடியல."

உட்கார்ந்தாள்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்லலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். தவளை மாதிரி வந்தது குரல். பிறகு அப்பா. பிறகு பின்வரிசையில் ஒருவர் இருவர். ராகேல் அம்மா இந்த முறை கண்ணைத் துடைக்கவில்லை. முன்னால் குனிந்து, "ஐஸ் யாரு கொண்டாந்தது?" என்று கேட்டார். "பக்கத்து வீட்டுக் காதர்" என்றாள் அம்மா.

ஆமாம், அவர்தான். அந்த நேரத்தில் பூட்டின கடையைப் போய்த் திறந்து, மரத்தூளும் சாக்குமாக ஒரு கட்டி சுமந்து வந்தார். உலக்கையால் உடைத்துக் கொடுத்தது நான். இவ்வளவும் எனக்குத் தெரியும். வாரம் முழுக்க நன்றி நன்றி என்று எழுதி அடித்துத் திருத்தினேனே, அதில் எங்கும் இவர் இல்லை. இதுவரை எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அம்மா பாசார் பக்கம் நடந்தாள். காதர் அண்ணன் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்லவேண்டும் என்று புரிந்தது.

"அண்ணே, அன்னைக்குச் சாமுவுக்கு ஐஸ் கொண்டாந்தீங்களே. நன்றி."

"உருகிப்போன சாமானுக்கு இன்னிக்கா வந்து சொல்றது?" என்று சிரித்தார். பிறகு கழுவின கிளாஸையே மறுபடி கழுவினார். "புள்ள கேட்டுச்சு. கொண்டாந்தேன்லா. அதுக்கு மேல நம்ம கையில என்ன இருந்துச்சு?" என்னிடம், "கோயில்ல பெரிய பேச்செல்லாம் பேசினியாமே. எங்களுக்கும் ஒண்ணு பேசிக் காட்டு."

"இல்லண்ணே. இவ்வளவுதான்."

அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. சிரிப்பு மாதிரி.

மூன்று பேருக்கும் ரோஜா சர்பத்.

இப்போது இரவு. கோபம் போகவில்லை. நன்றியும் இருக்கிறது, கொஞ்சம், ஐஸ் அளவு. இரண்டும் ஒரே மனசில் இருக்கலாமா? போதகரைக் கேட்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்பேன். ஜெபம் இன்று ஒரே வரி, அழகில்லாத வரி, அதனால் இங்கே எழுதவில்லை.

"ரூத்து, கண்ணு கெட்டுப்போகும். வந்து என் பக்கத்துல படு."

இன்னும் ஒரு வரி என்றேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.