முடிந்தது என்று சொன்ன பிறகு எடுத்த படம்

அன்புள்ள பாப்புவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம், அவள் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் சௌக்கியத்தைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதமே, அதைக் கடைசியில் கேட்கிறேன். போனில் நீ “எல்லாம் நல்லாருக்குப்பா, அம்மாகிட்ட குடுங்க” என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தெருமுனை ஸ்டூடியோக்காரம்மாவிடம் ஜோடிப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் மானம் போயிற்று. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த வாய் சும்மா இருக்குமா, கேமராவைத் தூக்கியதும் “இன்னும் உள்ள தள்ளி நில்லுங்க, நடுவுல எடம் காலியா இருக்கு பாருங்க” என்று ஒரு புது ஜோடியிடம் கத்திவிட்டேன். அந்தப் பெண் “டிக்கெட் எப்ப சார் குடுப்பீங்க?” என்று கேட்டாளே பார்க்கலாம். பிறகு நெற்றியோடு நெற்றி வை, கண்ணைப் பார் என்று ஊரெல்லாம் எடுக்கிற மாதிரியே காப்பியடித்தேன். ஸ்டூடியோக்காரம்மா பார்த்துவிட்டு, “எல்லாம் சுத்தமா இருக்கு, ஆனா இதுல நீங்க எங்க இருக்கீங்க?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது, இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. “ரோஷத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல” என்று அம்மாதான் விரட்டிவிட்டாள்.

அப்புறம் தானாகவே ஒன்று பிடிபட்டது. “ஆச்சு, முடிஞ்சுது” என்று சொன்னதும் ஜனங்கள் மூச்சு விடுகிறார்கள், நான் கேமராவை இறக்குவதில்லை. அந்த இரண்டு விநாடியில்தான் அவர்களுடைய வீட்டு முகம் வருகிறது. ஒருத்தி புருஷனின் காலரை இழுத்துவிடுவாள், ஒருவன் பசிக்குதா என்று கேட்பான், போன வாரம் ஒரு வயதான ஜோடி “நீதான் கண்ண மூடின” என்று சண்டை போட்டுக்கொண்டே கையைப் பிடித்தபடி எழுந்தார்கள். அந்தப் படத்தைக் கடைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, “இது உங்க கைவேலைன்னு யாரும் சொல்லாமலே தெரியுது” என்றார் ஸ்டூடியோக்காரம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை போ.

இனிமேல் எழுதுவதற்குத்தான் மூன்று நாளாகக் கை வரவில்லை. போன விடுமுறைக்கு நீயும் மாப்பிள்ளையும் வந்தபோது, பழகுவதற்காக உங்களைக் கூடத்து ஜன்னலோரம் நிறுத்தி எடுத்தேன் அல்லவா, அதையெல்லாம் திருப்பிப் பார்த்தேன். நெருங்கி நில்லுங்கள் என்று நான் சொல்லி எடுத்த பதினாலு படத்திலும் சிரிக்கிறீர்கள். முடிந்தது என்று சொன்ன பிறகு விரல் தவறிப் பதிந்தது ஒன்று இருக்கிறது. அதில் மாப்பிள்ளையின் கை உன் தோளைவிட்டு இறங்கியாகிவிட்டது, அவர் வெளியே பார்க்கிறார். நீ அவர் முகத்தைப் பார்க்கிறாய், டிக்கெட்டைத் தொலைத்த பிள்ளை செக்கரைப் பார்க்கிற மாதிரி. நான் அங்கேயேதான் நின்றேன் பாப்பு, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு. என்மேலேயே எனக்குக் கோபமாக வருகிறது.

ஒரு படத்தை வைத்துக் குடும்பத்தை எடைபோடக் கூடாது, எனக்குத் தெரியும். தும்மல் வருவதற்கு முந்திய முகமாகக்கூட இருக்கலாம். நான் பார்த்தது தப்பென்றால், கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்துவிடு, எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. சரியென்றால், நாலு பேர் என்ன சொல்வார்கள், கல்யாணத்துக்கு அப்பா எவ்வளவு அலைந்தார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்காதே. அம்மாவிடம் இன்னும் அந்தப் படத்தைக் காட்டவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வியாழக்கிழமை மதியம் உன் ஆபீஸ் இடைவேளையில் கூப்பிடுகிறேன், தனியாக வந்து பேசு, மறந்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் பயமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். உன் அறையில் விளக்கும் ஸ்டாண்டும் திரையுமாக என் சாமான்களை அடைத்து வைத்திருந்தேன். இன்று காலை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன், அம்மா ஏன் என்று கேட்டாள், தூசி அடைகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அப்பா