அறுபது கையெழுத்து

ஆகஸ்ட் 6

கடலை வறுக்கும்போது அடி பிடித்துவிட்டது. கருகினதைப் பொறுக்கிக்கொண்டு இருக்கும்போது ரோஸ்மைதா வந்தாள். "அக்கா, ஒரு லோத்தெக்" என்று தெருமுனையிலிருந்தே கூவுகிறவள். இன்று பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கீரையில் கடலைச் சாந்தைப் புரட்டி ஒரு தட்டு லோத்தெக் வைத்தேன். தொடவில்லை.

அவள் சர்ச் ஆட்கள் ஜெபம் செய்கிற வாடகைக் கடைக்கு வெளியூர்க்காரர்கள் சிலர் ஞாயிறன்று வந்து பூட்டுப் போட்டுவிட்டார்களாம். இனி அவள் வீட்டுக் கூடத்தில்தான் ஜெபம். அதற்கும் கிராம அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. சர்ச் கட்ட முறைப்படி விண்ணப்பம் கொடுக்கணும். வேறு மதத்தைச் சேர்ந்த உள்ளூர்க்காரர் அறுபது பேர் அடையாள அட்டை நகலோடு கையெழுத்துப் போடணும். அக்டோபர் கடைசிக்குள் வராவிட்டால் வீட்டிலும் கூடக் கூடாது.

"எத்தனை ஆச்சு?"

"பதினொண்ணு, அக்கா."

"அறுபதுதானே? என் கடையில தினம் அறுபது பேர் வாயைத் திறக்கறாங்க. கையைத் திறக்க வைக்க மாட்டேனா?"

அப்போதுதான் சிரித்தாள். பன்னிரண்டாவது நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், 'இமாஸ்' என்று எழுத எனக்கு ஒரு யுகம் ஆகும். எழுதினேன்.

ஆகஸ்ட் 19

என் வீட்டுக்காரர் கார்தா பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார்: "நீ என்னமோ பண்ணு. என்னை இதுல இழுக்காதே." பள்ளிவாசல் கூட்டுகிறவர், அங்கேதான் அவருக்குச் சிநேகிதர்கள் எல்லாம். "உங்களை எதுல இழுத்து என்ன ஆகப் போகுது" என்றேன். முறைத்தார்.

வாடகை பைக் ஓட்டுகிற ஓசிம் பேனாவைப் பிடித்துக்கொண்டு முழித்தான். "இதுல போட்டா நான் கிறிஸ்தவனாயிடுவேனாமே, அக்கா?"

"டேய், தொழுகைக்கே நீ வாரத்துக்கு ஒரு நாள்தான் போறே. உன்னைச் சேர்த்துக்கிட்டு அவங்க என்னடா பண்ணுவாங்க?"

கடையே சிரித்தது. போட்டுவிட்டான். அவன் அம்மாவும் போட்டாள்.

செப்டம்பர் 14

முப்பத்தெட்டு. நகல் எடுக்கும் கடையில் மை தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 27

பன்றிக் கொழுப்பாம்! என் கடலைச் சாந்துல! எவன் வாயில வந்துச்சு இது? ரெண்டு நாளா ஈ ஓட்டறேன். கீரை வாடிப்போய் ஆட்டுக்குப் போட்டேன். சர்ச்சுக்காரங்க எனக்கு அரிசி மூட்டை குடுத்தாங்களாம் — எங்கே அந்த மூட்டை? காட்டினா இன்னிக்கே சமைப்பேனே.

மிச்சக் கீரையில் லோத்தெக் போடச் சொல்லி மூன்று வேளையும் கார்தாவே சாப்பிட்டார். பாவம்.

அக்டோபர் 2

லோத்தெக் என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் ஆள் கண்ணெதிரே அரைக்கிறது. அதில் எதை ஒளிப்பேன்? அம்மியைத் தூக்கித் தெரு ஓரத்திலேயே போட்டேன். போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டேன்: "வாங்க, வாங்க! பன்றி எங்கேயிருந்து குதிக்குதுன்னு வந்து பாருங்க!"

முதலில் எட்டிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு பசித்தது. மத்தியானத்துக்குள் கீரை தீர்ந்துவிட்டது, கையெழுத்து நான்கு.

அக்டோபர் 21

அறுபது! ரோஸ்மைதா என்னைக் கட்டிக்கொண்டு தூக்கியே விட்டாள். "கத்தாதேடி. உங்க ஆளுங்க பாட ஆரம்பிச்சா பக்கத்து ஊர்க் கோழி பயந்து முட்டை போடுது" என்றேன். இன்னும் உரக்கக் கத்தினாள்.

அக்டோபர் 28

எப்படி எழுதுவேன்.

சரிபார்க்க எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மற்ற ஐம்பத்தொன்பது பேரும் சரி. என் அட்டையை எழுத்தர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல காருத்னு போட்டிருக்கே. நீங்க இந்த ஊர் ஆளே இல்லையே."

"நான் இங்கே வாக்கப்பட்டு இருபத்திரண்டு வருஷம் ஆச்சுங்க!"

"அட்டைக்கு அது தெரியாதே."

காருத்தில் இருக்கிற அம்மா வீட்டுக் குடும்ப அட்டையிலேயே என் பேர் இருக்கிறது. மாற்றணும், மாற்றணும் என்று சொல்லியே இருபத்திரண்டு வருஷம் போய்விட்டது. மாற்ற இப்போது போனால் ஒரு மாதம் ஆகும். கெடு வெள்ளிக்கிழமை நான்கு மணி.

தயங்கினவனை எல்லாம் பயந்தாங்கொள்ளி என்று ஏசினேன். கடைசியில் நான் ஊர்க்காரியே இல்லை! ரோஸ்மைதா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 30

நேற்றும் இன்றும் அலைந்தேன். போடுகிறவர்கள் எல்லாம் போட்டாகிவிட்டது. மீதிப்பேர் கதவைச் சாத்துகிறார்கள். என் வீட்டுக்குள்ளேயே ஓர் உள்ளூர் அட்டை இருக்கிறது. கேலி பண்ணிப் பண்ணி, அவரிடம் ஒன்றை நேராகக் கேட்கவே வாய் வரவில்லை.

சாயங்காலம் கேட்டேன். "என்னங்க, ஒண்ணு குறையுது."

"பள்ளிவாசல்ல எப்படி முகம் காட்டுவேன்? கூட்டவே வர வேணாம்னு சொல்லிட்டா?"

"உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கேயும் வரவில்லை. டியூபை வெளியே எடுக்கவும் இல்லை.

அக்டோபர் 31

ஜும்மாவுக்குப் போனவர் இரண்டு மணி ஆகியும் வரவில்லை. மூன்று. இனி ஆகாது என்று எழுத்தரிடம் கெஞ்சிப் பார்க்கக் கிளம்பினேன். ரோஸ்மைதாவும் கூட வந்தாள்.

அலுவலகத்தில் கார்தா நிற்கிறார்! தொழுகைக் கைலி, தொப்பி. வாசலில் அவருடைய பள்ளிவாசல் சிநேகிதர்கள் மூன்று பேர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. எழுத்தர் சொல்கிறார்: "நகல் மங்கலா இருக்கு. நல்லா யோசிச்சுப் போடுங்க, ஐயா."

"இவளோட இருபத்திரண்டு வருஷமா யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். குடுங்க பேனாவை."

வேறு நகல் எடுக்க ஓடினது ரோஸ்மைதா. மூன்று ஐம்பதுக்கு முத்திரை விழுந்தது.

திரும்பி வரும்போது கேட்டேன், ஏன் என்று. தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உன்னைப் பத்தி அந்தப் பன்றிக் கதையைக் கட்டினவன் இன்னிக்கு எனக்கு முன் வரிசையில நின்னான். அவனும் தொழுதான், நானும் தொழுதேன். அவனை ஒருத்தரும் வந்து எழுப்பி வெளியே அனுப்பலை. கையெழுத்துப் போட்டா என்னை மட்டும் அனுப்பிடுவாங்களா?"

அவ்வளவுதான். நானும் கேலி பண்ணவில்லை. எழுதி வைக்கிறேன், அதிசயம்.

நவம்பர் 10

காருத் போய் வந்தேன். அட்டை மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று. புகைப்படத்தில் திருடி மாதிரி இருக்கிறேன்.

நவம்பர் 23

கட்ட அனுமதி இன்னும் மேலிடத்தில்தான் கிடக்கிறது. அதுவரை ரோஸ்மைதா வீட்டில் கூடலாம் என்று முத்திரை வைத்த கடிதம் வந்துவிட்டது.

இன்று ஞாயிறு. ஒன்பது மணிக்குப் பாட்டு ஆரம்பம். சந்து கொள்ளாமல் பைக். கார்தா கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு "இடது, இடது, இன்னும் பின்னாடி, போதும்!" என்று அத்தனையையும் வரிசையாக நிறுத்துகிறார். வெயிலில் சீட் சுடக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் மேலே அட்டைப்பெட்டித் துண்டு வேறு. அன்று அலுவலக வாசலில் நின்ற மூவரில் ஒருவர் சைக்கிளில் போகிறபோது, "என்ன கார்தா, ஞாயித்துக்கிழமையும் வேலையா?" என்றார்.

"வழியை மறைக்காதே. பின்னாடி வண்டி வருது" என்று விசில் ஊதினார் இவர்.

அவர் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.