கடைசி ஸ்டாப்புக்குப் பின்னால்

அன்புள்ள மாட்டு டாக்டரம்மாவுக்கு,

உன் தங்கை, அதாவது நீ குரங்கு என்று கூப்பிடும் பிராணி, எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் அப்பாவின் இடது கண் உட்பட. உன் நலம் எப்படி என்று நீ போனில் கிசுகிசுத்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. சுத்தமாகச் சரியில்லை.

போனில் பதில் சொல்லாததற்குக் காரணம் நம் வீடு. இரண்டு அறை, என்னுடையதைத் தவிர ஆறு காது. மாதக் கடைசியில் படிப்பை நிறுத்திவிட்டு வந்துவிடுகிறேன், ஏதாவது வேலைக்குப் போகிறேன், அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரை மூச்சு விடாதே என்றாய். எட்டு நாளாக விடவில்லை. ரகசியம் என் வயிற்றில் தங்காது என்று தெரிந்தும் என்னிடம் போய்க் கொடுத்தாயே, நீயெல்லாம் எப்படி மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பாய்?

சரி, வீட்டு நிலவரம். கண் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் பஸ் ஓட்டக் கூடாது, பிறகு கண் பரிசோதனையில் தேறினால் பார்க்கலாம் என்று டிப்போவில் சொன்னதும் அப்பா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாரே, அது வரைக்கும்தான் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். தெருமுனையில் பஸ் போகிற சத்தத்தை வைத்தே எந்த நம்பர், எத்தனை நிமிஷம் லேட் என்று அறிவிக்க ஆரம்பித்தார். அம்மா யூனிபார்ம் தைக்கும்போது, திருப்பத்தில் வேகத்தைக் குறை என்றார். அம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, இந்த மனுஷனை எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போடி, இல்லன்னா நான் போயிடுவேன் என்றாள். கண்ணுக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள், வாய்க்கு இல்லை.

அன்றைக்கே நான் இந்த வீட்டின் சுற்றுலாத் துறை அமைச்சராகப் பதவியேற்றேன். சட்டம் எளிது. டிக்கெட் கேட்கிற இடத்துக்குப் போகக் கூடாது. தலைக்கு மேலே வானம் இருக்க வேண்டும். ரொட்டியும் அவித்த முட்டையும் வீட்டிலிருந்தே. போக்குவரத்துக்கு அப்பாவின் குடும்பப் பாஸ். மிருகக்காட்சிசாலைக்குப் போகலாம் என்று நம் தம்பி குண்டூசி அழுதான். அதற்குப் பணம் கேட்கிறார்கள், உன்னைத்தான் வீட்டில் இலவசமாகப் பார்க்கிறோமே என்றேன். ஆறு வயதுக்கு அவன் பல் ரொம்பக் கூர்மை, அக்கா. கையில் இன்னும் தடம் இருக்கிறது.

முதல் ஞாயிறு ஊர் நடுவில் இருக்கும் பெரிய பூங்கா. பூங்கா நன்றாகத்தான் இருந்தது. போன வழிதான் கண்றாவி. அப்பாவுக்குப் பயணியாக உட்காரத் தெரியாது! சிக்னல் வரும் முன்னாலேயே வலது காலால் தரையை மிதிக்கிறார். மிதித்தது முன் சீட்டுக்காரரின் பையை. கியரை மாத்து, கியரை மாத்து என்று கத்தினார். ஓட்டியவர் அப்பாவிடமே வண்டி பழகியவராம். அண்ணே, நீங்க கண்ணை மூடிட்டு வாங்க, டாக்டர் அதானே சொன்னாரு என்றார். பஸ்ஸே சிரித்தது. இறங்கினதும் அம்மா பத்தடி தள்ளி நடந்தாள், யாரோ தெரியாதவள் மாதிரி. இனிமே நான் வரல என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடியும் சுவருக்கு முகம் கொடுத்தார்.

விடுவேனா? அடுத்த வாரம் சமையலறைக் கதவில் ஓர் அலுவலக உத்தரவு ஒட்டியிருந்தது. வீட்டுப் போக்குவரத்துக் கழகம், தங்களுக்கு ஞாயிறு காலை ஆறரைக்குப் பணி, பணியின் தன்மை ஜன்னலோரம் உட்காருவது, காலை அசைத்தால் சம்பளப் பிடித்தம். ரப்பரை வெட்டி முத்திரைகூடக் குத்தியிருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் படித்தார். மேலதிகாரி கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கே என்றார். ஆனால் சனிக்கிழமையே சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டார்!

இந்த முறை அவருடைய பஸ்ஸின் கடைசி ஸ்டாப்புக்கே டிக்கெட்… மன்னிக்கவும், பாஸ். அங்க என்னடி இருக்கு, ஒரு தண்ணிக் குழாய், ஒரு டீக்கடை, ஒரு மூத்திரச் சந்து என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இருபத்தொரு வருஷமாக அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு டிரிப்புக்கு ஏழு நிமிஷம். முகம் கழுவி, டீ குடித்து, வண்டியைத் திருப்பவே சரி. நாங்கள் டீக்கடைக்குப் பின்னால், இடிந்த மதில் பக்கமாகப் போனோம். நாலு நிமிஷ நடைதான். திடீரென்று ஏரி. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே தண்ணீர், தண்ணீர் முழுக்கப் பறவை, கரையெல்லாம் மர நிழல். ஒருத்தரும் காசு கேட்கவில்லை.

அப்பா தண்ணீர் ஓரம் வரைக்கும் போய் நின்றார். பிறகு, இது இத்தனை வருஷமா இங்கயா இருந்துச்சு என்று கேட்டார். நாங்க எங்கயும் தூக்கிட்டுப் போகல சார் என்றார் பின்னாலேயே வந்த டீக்கடைக்காரர். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தாள். குண்டூசி பறவைகளை எண்ணி, எண்ணிக்கை தெரியாமல் போனதும் நிறைய என்று முடித்தான். அப்பா மரத்தடியில் தூங்கியே போனார், கால் அசையாமல்.

எழுந்ததும் செய்த வேலைதான் உனக்கு முக்கியம். டீக்கடைக்காரரின் ஆடு ஒரு காலை நொண்டிக்கொண்டு வந்தது. அப்பா அதைத் தடவிக்கொடுத்து, என் பெரிய பொண்ணு கால்நடை டாக்டருக்குப் படிக்குது, இன்னும் ஒன்றரை வருஷம், அதுவரைக்கும் இவனை வெட்டிடாதீங்க என்றார். அவர் தலையாட்டினார். ஆடும் ஆட்டியது. நாற்காலியில் சுருண்டு கிடந்த மனுஷன் அந்த ஒரு வரியைச் சொல்லும்போது எவ்வளவு நிமிர்ந்து நின்றார் என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நாற்காலி ஜன்னல் பக்கம். ஒரு நோட்டில் ஊரிலுள்ள கடைசி ஸ்டாப் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். வாரத்துக்கு ஒன்று. போன வாரம் எதிர்வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் அமைச்சர் பதவி பறிபோனது. இப்போது முட்டை உரிக்கிற இலாகாதான் எனக்கு.

எல்லாமே சிரிப்பு என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். பஸ் நம்பர் பலகை அப்பாவுக்கு இன்னும் தூரத்தில் தெரியவில்லை. குண்டூசி படித்துச் சொல்கிறான். ஒரு நாள் அவன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி எங்களை வேறு பக்கம் ஏற்றிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன். பாதிச் சம்பளம்தான் வருகிறது, அதுவும் உண்மை. ஆனால் அம்மாவுக்கு இரண்டு பள்ளிக்கூட யூனிபார்ம் கிடைத்திருக்கிறது. பட்டன் தைப்பது நான். மேல் பட்டன் கீழே இருந்தால் அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம். சமாளிக்கிறோம் அக்கா. நிஜமாகவே.

நீ பெட்டியோடு வந்து இறங்கினால் அப்பா ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எதற்கு வந்தாய் என்று அந்தப் பெட்டியைப் பார்த்தே புரிந்துகொள்வார். அப்புறம் நான் எத்தனை உத்தரவு ஒட்டினாலும் நாற்காலி திரும்பாது. அதனால் கேட்கிறேன். இதுவரை உன்னிடம் கேட்டதெல்லாம் பேனா, ரிப்பன், உன் நீலச் சட்டை. இது வேறு.

ஒரு சனிக்கிழமை வா. ஒரே ஒரு தோள்பையோடு வா. ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரச் சீட்டை உனக்கு விட்டுக்கொடுக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நான்தான் நிற்பேன். இறங்கியதும் திரும்பிப் போகிற டிக்கெட்டை முதலில் என்னிடம் காட்டு. அதைப் பார்த்த பிறகுதான் உன்னைக் கட்டிப்பிடிப்பேன்.

இப்படிக்கு,
உன் வருகைக்கும், அதைவிட அதிகமாக நீ திரும்பிப் போவதற்கும் காத்திருக்கும்
குரங்கு