இடப்பக்க நாற்காலி

மே 12, திங்கள்
நான்காம் ஆண்டு வகுப்பில் லத்தீன் வாய்மொழித் தேர்வு. என் மேசைக்கு இடப்பக்க நாற்காலியில் நொயேமி. ‘ஆவுதீரே’ என்ற வினைச்சொல்லின் பொருள்களைக் கேட்டேன். காதால் கேட்பது, கீழ்ப்படிவது, ஒருவரிடம் பாடம் பயில்வது. அப்புறம் வாக்கியத்தில் பயன்பாடு: ஒருத்தி பாடுவதை நாமே கேட்டால் ஒரு வடிவம், பாடினாள் என்று பிறர் சொல்லிக் கேட்டால் வேறு வடிவம். இவ்வளவுதான். பெண் வாயே திறக்கவில்லை. பத்துக்கு நான்கு போட்டேன். அவள் அழக்கூட இல்லை. பிறகு ஏன் இது என்னை அரிக்கிறது?

மே 13
நான்கு என்றால் கோடை முழுக்கப் படித்து செப்டம்பரில் மறுதேர்வு. அதிலும் போனால் ஒரு வருடம் போச்சு. படிக்காத பெண் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.
எல்லோரும் என்றால் யார்?

மே 15
ஆசிரியர் அறையில், காப்பி இயந்திரத்தருகே இயற்பியல் ருஜேரோ.
“என்ன எர்சிலியா, ரெண்டு தடவ கூப்பிட்டேன். நான் அவ்ளோ அற்பமாப் போயிட்டேனா?”
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
“இடது பக்கம் நின்னா உனக்குக் கேக்கவே மாட்டேங்குது. உன் வகுப்புல வலது பக்கம் கோயில், இடது பக்கம் சந்தைக்கடை. தெரியாதா?”
அபத்தம். யார் யாருக்கு விடை முணுமுணுத்தாலும் பிடித்துவிடுபவள் என்று எனக்கு இருபது வருடப் பெயர்.
இந்த வருடம் ஒருவரையும் பிடிக்கவில்லை. திருந்திவிட்டார்கள் என்றல்லவா நினைத்தேன்!

மே 17
அக்கா பேசும்போது தொலைபேசியை இடக்காதுக்கு மாற்றிப் பார்த்தேன். அக்காவின் குரலே இல்லை.

மே 19
நொயேமியைத் தனியே கூப்பிட்டேன்.
“அன்னிக்கு ஏன் பதில் சொல்லல?”
“சொன்னேன் மேடம்.”
“எல்லாமா?”
“எல்லாமே. நீங்க ஜன்னலப் பாத்துட்டு இருந்தீங்க. அப்புறம் நாலு போட்டீங்க.”
“அப்பவே சொல்லியிருக்கலாமே?”
“அதையும் சொன்னேன் மேடம்.”

மே 20
பதிவேட்டைத் திறந்தேன், மூடினேன். மதிப்பெண்ணை மாற்றினால் காரணம் எழுத வேண்டும்.

மே 21
நாற்காலியை வலப்பக்கம் நகர்த்தினேன். ஏன் என்று வகுப்பில் சொன்னேன். பின்வரிசை சாந்த்ரோ: “எங்களுக்கு அக்டோபர்லயே தெரியும் மேடம்!”
“ஏன்டா சொல்லல?”
“சொன்னா பிழைப்பு போயிடுமே!”
நொயேமி மறுபடி பதில் சொன்னாள். அவள் குரலே மெல்லியது, விடை அல்ல. எட்டு.
காரணம்: ஆசிரியைக்குக் கேட்கவில்லை.

ஜூன் 4
காதில் கருவி. காகிதம் புரண்டால் தகரம் உருள்வதுபோல் இருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து சாந்த்ரோ யாருக்கோ விடை முணுமுணுத்தான். தப்பான விடை.
திரும்பிப் பார்க்கவில்லை. இன்று ஒரு நாள் போகட்டும்.