விளக்கு எரியாததற்குக் காரணம்

மகள் தங்கச்செல்வி தனக்குப் பிடித்தவனோடு காரியாபட்டிக்குப் போனதிலிருந்து மொக்கையனும் அவர் மனைவியும் பேசிக்கொள்வதில்லை. அன்று பந்தல்குடிக்குக் கிளம்பும்முன் அவர் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, சோற்றுப்பானை மூடியின்கீழ் செருகப் போனார்.

"முருகலட்சுமி,

வெதை வாங்கப் போறேன். பொழுதுசாய வாரேன். எனக்குன்னு ஒலை வைக்காத, காலையில மிஞ்சுன கூழு போதும். கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டிட்டேன்.

விளக்கு எரியலையேன்னு சோலார் தகட்டப் பாத்தேன். தூத்துக்குடியில பாய்மரப் படகு ஒடைச்ச எடத்துல வாங்குனது, கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம். கெடலை. ஒயரு சரியா இருக்கு, பேட்டரியும் சரி, புழுதியத் தொடச்சும் பாத்துட்டேன். நீ வாராவாரம் தொவச்சுக் கொடியிலயே விட்டுவைக்கிற அவ தாவணி நெழலு, மதியத்துக்கு மேல தகட்டு ஓரத்துல விழுகுது. ஓரத்துல விழுந்தாலே மொத்தத் தகடும் படுத்துக்கிருது. படகுல பாய் நெழலு விழுந்தாலும் இப்படித்தான் ஆகும்னு வித்தவரு அன்னைக்கே சொன்னாரு. நம்ம கரிசக்காட்டுல ஏது பாயின்னு நான்தான் காதுல வாங்கலை.

வளையிற தகடுங்கிறதால வீட்டுச் சாய்ப்புக் கூரையில இருந்து கழட்டி, தொழுவத்துக் கூரை மேல வச்சுக் கட்டிட்டேன். சாயங்காலம் சுவிச்சப் போட்டுப் பாரு, எரியும்."

மூடியைத் தூக்கியவர் மறுபடி கீழே வைத்தார். தாளில் இடமில்லை. அடியில் நெருக்கி எழுதினார்:

"தாவணி கொடியிலயே கெடக்கட்டும். மழை வந்தா மட்டும் உள்ள எடுத்துப் போடு."