காம்பஸ் பக்கத்தில் மாதா

நன்னிலம்
தை மாதம், வியாழக்கிழமை

அன்பு மகள் ரோஸ்லினுக்கு அப்பா எழுதுவது. அந்தப் பனியில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபத்தில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியாததா, உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவாள், நான் கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போனால் யார்கிட்ட என்ன ரகசியம் என்று பின்னாலேயே வந்து நிற்பாள். இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி. எழுதி முடித்ததும் உன் மாமா மகன் டேவிட்சனிடம் கொடுத்து, அவன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்வேன், தாளைத் தபாலிலும் சேர்ப்பேன். தனியாக இருக்கும்போது படி.

மற்றதைப் படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய். நீ ஓட்டுகிற குட்டி விமானத்தில் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறாயே, அம்மா கொடுத்தனுப்பிய வேளாங்கண்ணி மாதா சுரூபம், அதை எடுத்துவிடு. போன வாரம் டேவிட்சன் போனிலிருந்து இதைத்தான் சொன்னேன். அவன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் காரணம் சொல்ல முடியவில்லை. நீ சிரித்துவிட்டு, எப்பப்பா சுரூபம் ஆகாதுங்கற பெந்தகோஸ்தேல சேந்தீங்க என்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் வீடியோவில் பேசும்போது பார்த்தேன், சுரூபம் அங்கேயே நிற்கிறது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கிறிஸ்மஸ் முடிந்து நீ அந்தப் புது செட்டை மாட்டிக் காட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமாவுக்கு நடந்தது எனக்கு நடக்கக்கூடாதுப்பா, அதான் சொந்தக் காசுல வாங்கிட்டேன் என்று சொன்னாய். ஸ்டியரிங்கில் கவ்வி நிற்கிற ஜிபிஎஸ், முன்கண்ணாடி ஓரம் வானம் தெரிகிற இடமாகப் பார்த்து சாட்டிலைட்டிலிருந்து மழை மேகப் படம் வாங்குகிற குட்டிப் பெட்டி, கீழே சிகரெட் லைட்டர் துளையிலிருந்து கரண்ட். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒயர் மாட்டக்கூடாது என்று ஒவ்வொரு இடமாக பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினாய், இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பித் திருப்பிப் பார்த்தாய். மோட்டார் கொட்டகையில் நான் ஒயர் இழுத்த அழகைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு சுத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரே பெருமை. உன் அம்மா மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் மாதா எங்கே, மாதா எங்கே என்று ஒரே பிடியாக நின்றாள். அடுத்த நாளே நீயும் ரூமில் இருந்த சுரூபத்தை எடுத்து வந்து, காந்தம் இங்கே ஒட்ட மாட்டேங்குதும்மா என்று இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு, அந்தப் பெட்டிக்கும் வடக்கு காட்டுகிற காம்பஸுக்கும் நடுவில் நிறுத்திக் காட்டினாய். அன்றைக்குத்தான் தம்பியை அடக்கம் பண்ணிய பிறகு அவள் முழுசாகத் தூங்கினாள். அதனால் அப்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது உன் மாமா விஷயத்துக்கு வருகிறேன். சூசைமாணிக்கம் கோடியக்கரையிலிருந்து போன அன்று மழைமூட்டத்தில் ஜிபிஎஸ் செட்டுக்குள் தண்ணீர் புகுந்து செத்துப்போனது, கடல் கொண்டுபோய்விட்டது, இவ்வளவுதான் உனக்குச் சொன்னோம். எங்களுக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும். ஆனால் தப்பி வந்த நாளிலிருந்து டேவிட்சன் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். காம்பஸ் இருந்துச்சு மாமா, அப்பா அதைப் பாத்துத்தான் மேற்க ஓட்டுனாரு, கரை வரவே இல்ல என்று. சூரியன் தெரியவில்லை, நாலு பக்கமும் ஒரே சாம்பல் நிறம், மேற்கு என்று நினைத்துத் தெற்கே போயிருக்கிறார்கள், கடலுக்குள் நீண்டு நிற்கிற நிலத்தின் மூக்கைத் தாண்டி அந்தப் பக்கத்து நீரோட்டத்தில் மாட்டி, டீசல் தீர்ந்து, அலை புரட்டிவிட்டது. கரையில் யாரும் அவன் பேச்சை நம்பவில்லை. காம்பஸ் எங்கேயாவது பொய் சொல்லுமா, கிழவன் போதையில் ஓட்டியிருப்பான், மகன் தூங்கியிருப்பான் என்று அடக்கத்துக்கு வந்த இடத்திலேயே பேசினார்கள். உன் மாமா குடிக்கிற ஆளா பாப்பா? அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு டேவிட்சன் அப்பன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

படகைக் கரைக்கு இழுத்து வந்த பிறகு அதிலிருந்த மரப்பெட்டியை டேவிட்சன் கழுவி எடுத்து வைத்தான். உள்ளே காம்பஸ், செத்துப்போன செட், மூடியின் முனையில் மாதா. காம்பஸைக் கழற்றி வெளியே வைத்தால் ஊசி சரியாக வடக்கே நிற்கிறதாம், திரும்ப உள்ளே வைத்தால் கோணலாகப் போகிறதாம். பயந்துபோய்ப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நேராக நம் மோட்டார் கொட்டகைக்கு வந்துவிட்டான். சுரூபத்தை மூடியிலிருந்து பெயர்த்து எடுத்து, என் கண்ணெதிரே காம்பஸ் கிட்டே கொண்டுபோனான். ஊசி தலையைத் திருப்பியது. தூர எடுத்தான், பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி நானே செய்து பார்த்தேன், அப்படியேதான் திரும்பியது. கார் டாஷ்போர்டிலும் பீரோவிலும் நிற்க வேண்டும் என்று அடியில் கறுப்பாக ஒரு காந்தம் வைத்துச் செய்கிற சுரூபம் பாப்பா அது. உன் விமானத்தில் இருப்பதும் அதே கடையில், அதே கையால், அன்றைக்கே வாங்கிய ஜோடி. செப்டம்பரில் திருவிழாக் கொடி இறங்கிய மறுநாள் உன் அம்மா தம்பிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று வாங்கினாள். ஃபைபர் படகில் காந்தம் நிற்காதுக்கா என்று அவன் சொன்னதற்கு எம்சீல் பிசைந்து தன் கையாலேயே ஒட்டினாள். செட் ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் காம்பஸை யார் பார்த்தார்கள்? அதுதான் செட் இருக்கே என்று உன் மாமாவும் சொன்னான், நீயும் செட் மாட்டிய அன்றைக்கு அதையேதான் சொன்னாய். செட் கண்ணை மூடுகிற நாளில்தான் காம்பஸ் வேண்டும், அந்த நாளில் அது சரியாக இருக்க வேண்டும்.

மேகப் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் என் ஆற்றாமை. பொங்கல் கழிந்து நம் சம்பா அறுப்புக்கு நின்றது, போனில் பார்த்தால் வானம் துடைத்த மாதிரி இருந்தது, நம்பி அறுவடை மெஷினை இறக்கினேன். பாதி வயல் முடிவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, தண்ணீர் போக வழியில்லாமல் சாய்ந்த கதிரெல்லாம் முளை விட்டுவிட்டது, அறுத்த நெல்லை ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ரோட்டில் கொட்டிக் கிளறிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் போனது நெல், அது கிடக்கட்டும். உன் பெட்டியில் வருகிற படமும் கொஞ்ச நேரத்துக்கு முந்திய படம்தான் என்று நீயே சொன்னாய். பச்சையும் சிவப்புமாக மேகம் நிற்கும், நடுவில் ஒரு சந்து தெரியும், நுழைந்துவிடலாம் என்று தோன்றும். நீ போய்ச் சேர்கிற நேரத்தில் அந்தச் சந்து அங்கே இருக்காது. திரும்பி வந்துவிடு. தபாலும் மருந்தும் ஒரு நாள் தாமதமாகப் போனால் அந்த ஏரிக்கரை ஊர்க்காரர்கள் உன்னைத் தூக்கில் போட மாட்டார்கள்.

இனி அம்மாவை என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பெரிய பாரம். டேவிட்சனும் நானும் அவளிடம் மூச்சு விடவில்லை. அத்தைகிட்ட சொல்லிடாதீங்க மாமா, அது செத்துப்போயிடும் என்று அவன் காலைப் பிடிக்காத குறை. குடிகாரன் மகன் என்று ஊர் பேசுவதைப் பொறுத்துக்கொண்டு அவன் அப்படிச் சொன்னான் பார். அவன் கொண்டுவந்த அந்த சுரூபத்தைப் பார்த்து அவளுக்கு ஒரே அழுகை, தம்பி உடம்பையாவது மாதா கரை சேர்த்தாளே என்று துடைத்து முத்தம் கொடுத்து பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். நான் சட்டை எடுக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. படகைச் சரிபண்ணியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரிக்கிறார், டேவிட்சன் திரும்பக் கடலுக்குப் போகிறான், அன்றைக்கு அதே பெட்டியில் அதே சுரூபத்தை ஒட்டப்போகிறேன் என்று எம்சீல் வாங்கி வைத்துவிட்டாள். அதனால் அவள் நாளைக் காலை பூசைக்குப் போயிருக்கும்போது காந்தத்தை நெம்பி எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். நீயும் அப்படியே கத்தியால் நெம்பி எடுத்துவிட்டு வெறும் சுரூபத்தை மட்டும் வைத்துக்கொள், காந்தத்தை விமானத்துக்குள் எங்கேயும் வைக்காதே. அம்மா கேட்டால் மாதா இருக்கிறாள் என்று காட்டு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை. மேலே எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், ஆனால் நிலைமை மாறிவிட்டது. அவள் பூசைக்குப் போனதும் திருப்புளியால் காந்தத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுரூபத்தை பீரோ தலையில் வைத்தேன். இதை எதுக்கு மேல தூக்கி வச்சீங்க என்று வந்ததும் வராததுமாக எடுத்து வழக்கம்போலக் கதவில் வைத்துக் கையை எடுத்தாள். நிற்கவில்லை. வழுக்கிக் கீழே விழுந்து கிரீடம் உடைந்துவிட்டது. குனிந்து எடுத்து, திருப்பி, அடியில் இருந்த குழியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அம்மா கடற்கரையில் பிறந்தவள் பாப்பா, அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. காம்பஸுக்கு ஆகாதுன்னு எடுத்தேன் என்று மட்டும்தான் சொன்னேன். மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, ரோஸ்லின் ஏரோபிளேன்ல இருக்கறத எடுத்தாச்சா என்று கேட்டாள். தம்பி பேரைச் சொல்லவே இல்லை. எடுக்கச் சொன்னேன், இன்னும் எடுக்கல என்றேன்.

அப்போது போனைக் கையில் எடுத்தவள் இன்னும் கீழே வைக்கவில்லை. உனக்கு விடாமல் போட்டுக்கொண்டே இருக்கிறாள், நீ மேலே பறந்துகொண்டிருக்கிறாய் போலிருக்கிறது, மணி அடிக்கவே இல்லை. அங்கே மழையா பனியா ஏதும் எங்களுக்குத் தெரியவில்லை. சோறு போட்டு வைத்தேன், ஆறிக் கிடக்கிறது. ஸ்பீக்கர் போடாமல் காதிலேயே அழுத்தி வைத்துக்கொண்டிருக்கிறாள். டேவிட்சன் வாசலில் நிற்கிறான், இதை இப்படியே படம் பிடித்து அனுப்பப்போகிறான், இனி மறைக்க ஒன்றுமில்லை.

இறங்கியதும் இதைப் பார்த்தால் எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. சுரூபத்தை எடு, காம்பஸை ஒரு தடவை சரிபார், பிறகு அம்மாவைக் கூப்பிட்டு எடுத்துட்டேம்மா என்று உன் வாயால் சொல். வேறு எந்த ஆறுதலும் வேண்டாம், அந்த ஒரு வார்த்தை போதும். ஆண்டவர் உன்னைப் பத்திரமாகத் தரையில் இறக்கி வைக்கட்டும்.

உன் குரலுக்காக அம்மாவோடு உட்கார்ந்திருக்கும்
அப்பா
மிக்கேல்ராஜ்